சொல் கேட்காத பிள்ளையா, காது கேட்காத பிள்ளையா?

சிறுவரின் நடுச்செவியில் தேங்கும் நீரும் ஒவ்வாமையின் பங்கும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற சுகாதாரக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



நூற்றாண்டு விழா மேடையில் பெண் கல்வியின் பெருமையைப் பற்றிப் பேசுவதுதான் வழக்கம். அதைப் பேச எங்களைவிடத் தகுதியானவர்கள் இந்த மண்டபத்தில் பலர் இருக்கிறீர்கள். இக்கல்லூரியில் படித்து வைத்தியர்களான நாங்கள், கிளினிக்கில் அடிக்கடி காண்கிற ஒரு நோயைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறோம். அதைக் கண்டுபிடிப்பது கிளினிக்கில். அது சேதம் செய்வது வகுப்பறையில். ஆகவே இதுவும் கல்வியைப் பற்றிய பேச்சுத்தான்.

"சொல் கேட்காத பிள்ளை" என்று நம் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. அடங்காத பிள்ளையை அப்படிச் சொல்வோம். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காது. ஒன்றைச் சொன்னால் வேறொன்றைச் செய்யும். டிவியின் சத்தத்தைக் கூட்டி வைக்கும். "என்ன? என்ன?" என்று கேட்டுக்கொண்டே இருக்கும். சொல்வதெழுதலில் டீச்சர் 'பல்லி' என்று சொன்னால் 'பள்ளி' என்று எழுதும். ஓதப் போன இடத்தில் ஸீனும் ஸாதும் அதற்கு ஒன்றாகவே இருக்கும். தேர்ச்சி அறிக்கையில் "வகுப்பில் கவனம் போதாது" என்று வரும். வீட்டில் அடி விழும்.

இப்படி வருகிற பிள்ளைகளின் காதுக்குள் விளக்கு வைத்துப் பார்க்கும்போது, சிலருக்குச் செவிப்பறையின் பின்னால் நீர் தேங்கி நிற்பதைக் காண்கிறோம். சிலருக்கு அது தண்ணீர் போல இருக்கும். நாட்பட்டால் பசை போலத் தடித்துவிடும். ஆங்கிலேயர் பேச்சுவழக்கில் இதைப் 'பசைக் காது' என்றே அழைக்கிறார்கள். அந்தப் பிள்ளை சொல் கேட்காத பிள்ளை அல்ல. சொல் காதில் விழாத பிள்ளை.

வலி இல்லாத நோய்

காது நோய் என்றதும் நமக்கு நினைவு வருவது காதுக்குத்தும் சீழ் வடிதலும்தான். இது அந்த இரண்டுமல்ல. இதில் வலி இல்லை, காய்ச்சல் இல்லை, வெளியே எதுவும் வடிவதில்லை. அதனால்தான் எவர் கண்ணிலும் படுவதில்லை. கேட்கும் திறன் சராசரியாக 25 டெசிபெல் அளவுக்குக் குறைகிறது. இரண்டு காதையும் விரலால் அடைத்துக்கொண்டு ஒரு பாடவேளை இருந்து பாருங்கள், ஏறத்தாழ விளங்கும். முன்னால் நின்று உரக்கச் சொன்னால் கேட்கும். பின்வாங்கிலிருந்து, மின்விசிறிச் சத்தத்துக்கும் பக்கத்து வகுப்பின் இரைச்சலுக்கும் இடையில் கேட்டால், சொல்லின் பாதிதான் வந்து சேரும். இன்று கேட்கும், தடிமன் பிடித்த நாளில் கேட்காது. அதனால் "வேண்டுமென்றால் கேட்கிறாள், வேண்டாமென்றால் கேட்கமாட்டாள்" என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம்.

இது அபூர்வமான நோயல்ல. உலக அளவில் பார்த்தால், பத்தில் ஒன்பது பிள்ளைகளுக்குப் பாடசாலை செல்லும் வயதுக்கு முன் ஒரு தடவையாவது இந்த நீர் தேங்கிப் போகிறது. பெரும்பாலானோருக்கு 3 மாதத்துக்குள் தானாகவே வற்றிவிடும். சிலருக்குத் திரும்பத் திரும்ப வரும். நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கு ஒரு வருடத்துக்கும் மேலாக நிற்கும்.

இரண்டு வயதை அண்டியும் ஐந்து வயதை அண்டியும் இது அதிகம். ஐந்து வயது என்றால் தரம் 1. நமது கரையோரத்தில் ஒக்டோபர் கடைசியில் தொடங்கும் மாரி ஜனவரி வரை நிற்கும். அந்த மாதங்களில் கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் எங்கும் வீட்டுக்கு வீடு தடிமன். வழமையாகப் புதிய தரம் 1 பிள்ளைகள் வகுப்பில் வந்து உட்காருவதும் அந்த மாரியின் முடிவில்தான். டிசம்பரில் தேங்கிய நீர் மார்ச் வரை நின்றால், முழு முதலாம் தவணையும் போய்விட்டது. "3 மாதம் பொறுத்துப் பாருங்கள்" என்பது வைத்தியத்தில் சரியான அறிவுரை. ஆனால் வைத்தியத்தின் 3 மாதம் பாடசாலையில் ஒரு தவணை. எழுத்துகளின் ஒலி பழகுகிற தவணை அது. இந்த உரையில் நாங்கள் சொல்ல வருவதன் சாரம் இதுதான்: பொறுத்திருக்கலாம், ஆனால் சும்மா இருக்க முடியாது.

நீர் ஏன் தேங்குகிறது?

விஞ்ஞானப் பாடத்தில் ஊத்தேக்கியாவின் குழாய் என்று படித்தது நினைவிருக்கும். நடுச்செவியை மூக்கின் பின்புறத்தோடு இணைக்கும் சிறு குழாய் அது. விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அது திறந்து நடுச்செவிக்குக் காற்றை அனுப்புகிறது. வளர்ந்தவரில் இதன் நீளம் சுமார் 35 மில்லிமீற்றர், சரிவு சுமார் 45 பாகை. கைக்குழந்தையில் நீளம் ஏறத்தாழ அதில் பாதிதான், சரிவும் சுமார் 10 பாகைதான். வீட்டில் வடிகான் சரிவில்லாமல் கிடந்தால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும்.

குழாய் திறக்காவிட்டால், உள்ளே இருக்கும் காற்றை நடுச்செவியின் உட்படலம் மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்கிறது. அமுக்கம் குறைகிறது, செவிப்பறை உட்புறம் இழுபடுகிறது, படலத்திலிருந்து நீர் ஊறுகிறது. குழாயை அடைப்பவை பல. முதலிடம் தடிமனுக்கு. அடுத்து, குழாயின் வாயருகே இருக்கும் அடினொயிட் என்ற சதை வீங்குவது. வீட்டில் எவராவது புகைப்பது. படுத்த நிலையில் போத்தல் பால் குடிப்பது. இவற்றோடு சேர்த்துத்தான் ஒவ்வாமையையும் பார்க்க வேண்டும்.

ஒவ்வாமையின் பங்கு

தாய்மார் எங்களிடம் அதிகம் கேட்கும் கேள்வி இது: "டொக்டர், இது அலர்ஜியா? அலர்ஜிக்கு மருந்து கொடுத்தால் காது சரிவருமா?" இவை இரண்டு கேள்விகள். விடையும் இரண்டு.

முதற் கேள்விக்கு விடை: சில பிள்ளைகளில் ஒவ்வாமைக்குப் பங்கு உண்டு. மூக்கின் உட்படலமும் அந்தக் குழாயின் படலமும் நடுச்செவியின் படலமும் ஒரே தொடர். மூக்கு ஒவ்வாமையால் வீங்கும்போது குழாயின் வாயும் வீங்குகிறது. 1983 இல் அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க்கில், மகரந்த ஒவ்வாமை உள்ள வளர்ந்தவர்களின் மூக்கில் மகரந்தத்தைச் செலுத்திப் பார்த்தபோது, ஊத்தேக்கியாவின் குழாய் அடைபடுவதை அளந்து காட்டினார்கள். 2004 இல் கனடாவின் மொன்றியலில் வெளிவந்த ஆய்வில், ஒவ்வாமை உடலமைப்புள்ள பிள்ளைகளின் நடுச்செவி நீரில், மூக்கில் காணப்படும் அதே வகை ஒவ்வாமைக் கலங்கள் மற்றப் பிள்ளைகளைவிட அதிகமாக இருந்தன.

ஆனால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மூக்கில் ஒவ்வாமையைத் தூண்டிய சோதனைகளில் குழாய் அடைபட்டதே தவிர, அதனால் நீர் தேங்கியதாகக் காட்டப்படவில்லை. மூக்கு ஒவ்வாமை உள்ள எத்தனையோ பிள்ளைகளுக்குக் காது நன்றாக இருக்கிறது. காதில் நீர் உள்ள எத்தனையோ பிள்ளைகளுக்கு ஒவ்வாமையே இல்லை. ஆகவே ஒவ்வாமை பல காரணங்களில் ஒன்று. தடிமன் தொடங்கி வைத்ததை அது நீடிக்கச் செய்யலாம்.

எந்தப் பிள்ளையில் ஒவ்வாமையைச் சந்தேகிக்க வேண்டும்? காலையில் எழும்பியதும் தொடர் தும்மல், காய்ச்சல் இல்லாமல் தண்ணீராக ஓடும் மூக்கு, மூக்கிலும் கண்ணிலும் அரிப்பு, உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தேய்க்கும் பழக்கம், அதனால் மூக்கின் குறுக்கே விழுந்த கோடு, வாயைத் திறந்தபடி தூக்கம், கண்ணுக்குக் கீழ் கருமை. இவற்றோடு பிள்ளைக்கோ உம்மா வாப்பாவுக்கோ இழுப்பு, கரப்பான் போன்றவை இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். அப்போது வைத்தியர் தேவை கண்டால் தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனையோ இரத்தப் பரிசோதனையோ செய்யச் சொல்வார். காதில் நீர் உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் அவை தேவையில்லை.

மருந்தால் நீர் வற்றுமா?

இரண்டாவது கேள்விக்கு விடை பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். பார்மசியில் வாங்கும் பிரிட்டன் பாணியும் செற்றிரிசினும் மூக்கடைப்பு மருந்துகளும் காதுக்குள் உள்ள நீரை வற்றச் செய்வதில்லை. இதைப் பற்றிய பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த கொக்ரேன் மீளாய்வு 2006 இல் வந்தது, 2011 இல் புதுப்பிக்கப்பட்டது. பயன் இல்லை, தூக்கமும் வயிற்றுக் கோளாறும் போன்ற பக்கவிளைவுகளே மிச்சம் என்றது. மூக்கில் அடிக்கும் ஸ்டீரோயிட் ஸ்பிரேயை 4 முதல் 11 வயதுப் பிள்ளைகளில் பரிசோதித்த பிரித்தானிய ஆய்வு 2009 இல் வெளிவந்தது. அதிலும் காது நீருக்குப் பயன் காணவில்லை. 2018 இல் வேல்ஸிலும் இங்கிலாந்திலும் 389 பிள்ளைகளுக்கு ஒரு வாரம் ஸ்டீரோயிட் மருந்தை வாயால் கொடுத்துப் பார்த்தார்கள். ஐந்து வாரத்தின் பின் கேட்டல் திருப்தியாக இருந்தது மருந்து எடுத்தவர்களில் நூற்றுக்கு 40 பேருக்கு, வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 33 பேருக்கு. அந்த வித்தியாசம் மருந்தால் வந்தது என்று சொல்லப் போதாது. அமெரிக்கக் காது மூக்கு தொண்டை வைத்தியர்களின் 2016 வழிகாட்டியும், பிரித்தானியாவின் 2023 வழிகாட்டியும், இந்த நோய்க்கென்று அன்டிபயோட்டிக், ஸ்டீரோயிட், ஒவ்வாமை மருந்து எதையும் கொடுக்க வேண்டாம் என்றே சொல்கின்றன.

ஒவ்வாமை நிபுணர்கள் சிலர் இதற்கு ஒரு நியாயமான மறுப்புச் சொல்கிறார்கள். அந்த ஆய்வுகள் எல்லாப் பிள்ளைகளையும் கலந்து எடுத்தவை, ஒவ்வாமை உள்ளவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் விடை வேறாக இருக்கலாம் என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் அப்படிப் பிரித்து, ஒப்பிட்டுச் செய்த நல்ல ஆய்வுகள் குறைவு. எனவே எங்கள் நிலைப்பாடு இது: மூக்கில் ஒவ்வாமை இருந்தால் மூக்குக்காக வைத்தியம் செய்யுங்கள். பிள்ளை தூங்கும், மூச்சு விடும், பாடத்தில் இருக்கும். ஸ்பிரே வைத்தியர் சொன்ன அளவில் பாவித்தால் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் மூக்குக்கு மருந்து கொடுத்தோம் என்று காதை மறந்துவிடாதீர்கள். காதுக்குத் தனியாகத் தவணை வைத்துப் பாருங்கள்.

காதுக்குள் எண்ணெய் காய்ச்சி விடுவதும் வேண்டாம். எண்ணெய் செவிப்பறைக்கு முன்னால் நிற்கும், நீர் செவிப்பறைக்குப் பின்னால் இருக்கிறது. 'கிரந்திச் சாப்பாடு' என்று இறால், கணவாய், முட்டை, தக்காளி, பால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, மெலிந்த பிள்ளையோடு வருகிற தாய்மாரையும் பார்க்கிறோம். இந்தக் காது நீருக்கு உணவைக் குறைத்துப் பயன் கண்டதாக உறுதியான சான்று இல்லை. வளரும் பிள்ளையின் உணவை வைத்தியரைக் கேட்காமல் குறைக்க வேண்டாம்.

வீட்டில் செய்யக்கூடியவை

கடலோர ஈரக் காற்றில் நன்றாகப் பெருகுவது தூசுச் சிற்றுண்ணி. கண்ணுக்குத் தெரியாது. மெத்தை, தலையணை, துணிப் பொம்மைகளில் குடியிருக்கும். ஒவ்வாமை உள்ள பிள்ளையின் படுக்கை விரிப்பையும் தலையணை உறையையும் வாரத்துக்கு ஒருமுறை சுடுநீரில் துவையுங்கள். மெத்தைக்கும் தலையணைக்கும் மூடிய உறை போடுங்கள். பிள்ளை இருக்கும்போது தும்புத்தடியால் தூசு கிளப்பாமல், ஈரத் துணியால் துடையுங்கள். பூனை நம் வீடுகளில் செல்லப்பிள்ளை. அதைத் துரத்தச் சொல்லவில்லை. பூனையால்தான் தும்மல் என்று உறுதியானால், பிள்ளையின் படுக்கையறைக்குள் விட வேண்டாம்.

புகை வேறு வகை. சிகரெட், நுளம்புத்திரி, சாம்பிராணி ஆகியவற்றின் புகையும் அறுவடைக் காலத்துத் தூசும் மூக்கை உறுத்தி வீங்க வைக்கும். சம்மாந்துறைப் பக்கத்து வயல்வீடுகளிலும் மருதமுனைத் தறிவீடுகளிலும் இருப்பவர்களுக்கு இது தெரிந்த விஷயம். நுளம்புக்கு வலை கட்டுங்கள். சாம்பிராணி போடும்போது பிள்ளையை வேறிடத்தில் வையுங்கள். சிகரெட் விஷயத்தில் வாப்பாமாரிடம் நேராகவே சொல்லுங்கள். வீட்டில் புகைப்பதற்கும் பிள்ளையின் காது நீருக்கும் உள்ள தொடர்பு பல நாடுகளில் காணப்பட்டது.

3 மாதத்தை எப்படிக் கழிப்பது?

நீர் இருப்பதாகத் தெரிந்ததும் திகதியைக் குறித்து வையுங்கள். அன்றே வகுப்பு டீச்சருக்குச் சொல்லுங்கள். டீச்சர்மாரே, அந்தப் பிள்ளையை முன்வாங்கில் உட்கார வையுங்கள். பெயரைச் சொல்லி, முகத்தைப் பார்த்த பிறகு பேசுங்கள். கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று பேசினால் அதற்குக் கேட்காது. சொல்வதெழுதலில் சொல்லை வாக்கியத்தில் வைத்து இரண்டாம் முறை சொல்லுங்கள். இவற்றுக்கு ஒரு சதமும் செலவில்லை.

நாலு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இன்னொரு வழி உண்டு. மூக்கில் வைத்து ஊதும் விசேட பலூன். ஒரு மூக்குத் துவாரத்தால் ஊதும்போது குழாய் திறக்கிறது. இங்கிலாந்தில் 320 பிள்ளைகளில் செய்த ஆய்வு 2015 இல் வெளிவந்தது. தினமும் மூன்று தடவை ஊதியவர்களில் 3 மாத முடிவில் ஏறத்தாழ நூற்றுக்கு 50 பேருக்குக் காது சரியாகியிருந்தது. ஊதாதவர்களில் 38 பேருக்கு. பெரிய வித்தியாசமல்ல, ஆனால் கெடுதல் குறைந்த வழி. வைத்தியரைக் கேட்டுச் செய்யுங்கள்.

3 மாதம் கழிந்தும் நீர் நின்றால் கேட்டல் பரிசோதனை அவசியம். அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையிலோ கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையிலோ அல்லது உங்கள் ஊர் வைத்தியசாலையிலோ வெளிநோயாளர் பிரிவில் காட்டி, காது மூக்கு தொண்டை நிபுணருக்குக் கடிதம் கேளுங்கள். இரண்டு காதிலும் கேட்டல் குறைந்தே இருந்தால், செவிப்பறையில் குரோமெட் என்ற மிகச் சிறிய குழாய் வைப்பார்கள். 1954 இல் அமெரிக்க வைத்தியர் ஆம்ஸ்ட்ரோங் மீண்டும் வழக்கத்துக்குக் கொண்டுவந்த முறை இது. பெரும்பாலும் 6 முதல் 12 மாதத்தில் தானாகவே விழுந்துவிடும். சில பிள்ளைகளுக்கு அடினொயிட்டையும் அகற்ற வேண்டிவரும்.

சிலர் 3 மாதம் காத்திருக்கக் கூடாது. பேச்சுப் பிந்திய பிள்ளை, அண்ணம் பிளந்து பிறந்த பிள்ளை, டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளை, ஏற்கனவே கேட்டல் குறைபாடு உள்ள பிள்ளை, காதால் நாற்றமுள்ள சீழ் வடியும் பிள்ளை ஆகியோரை உடனே காட்டுங்கள். இந்த மண்டபத்திலுள்ள பெரியவர்களுக்கும் ஒரு சொல்: வளர்ந்த ஒருவருக்கு ஒரு காதில் மட்டும் இப்படி நீர் தேங்கி நின்றால், அதை அலர்ஜி என்று விட்டுவிடாதீர்கள். மூக்கின் பின்புறத்தில் கட்டி ஏதும் இல்லையென்று நிபுணர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

டோஹாவிலும் ஜித்தாவிலும் லண்டனிலும் மெல்பர்னிலும் இருந்து இந்த மலரை வாசிக்கப்போகும் சகோதரிகளுக்கும் இது பொருந்தும். கம்பளம் விரித்த, ஜன்னல் மூடிய, ஏசி போட்ட வீட்டிலும் சிற்றுண்ணியும் புகையும் உண்டு. இன்னொன்று: வீட்டில் தமிழ், பாடசாலையில் இன்னொரு மொழி என்று இருக்கும் பிள்ளை பேசத் தாமதித்தால், "இரண்டு மொழி படிப்பதால்தான்" என்று தமிழை நிறுத்திவிடாதீர்கள். முதலில் காதைப் பாருங்கள்.

நிறைவாக, சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையினர் பாடசாலை மருத்துவப் பரிசோதனைக்கு வரும் நாளுக்கு முன், தரம் 1 டீச்சர்மார் ஒரு சிறு பட்டியல் தயாரித்துக் கொடுக்கட்டும். "கூப்பிட்டால் திரும்பாதவர், வாய் திறந்து மூச்சு விடுபவர், சொல்லைப் பிழையாகக் கேட்பவர்" என்று மூன்று நிரல் போதும். அந்தப் பிள்ளைகளின் காதைப் பார்க்க நாங்கள் வருகிறோம். முதலாம் தவணையில் ஒரு தடவை, இரண்டாம் தவணையில் ஒரு தடவை.

இந்த நூறு வருடத்தில் பின்வாங்கில் இருந்து, மக்கு என்று பெயரெடுத்து, இடையில் படிப்பை விட்டுப் போன மாணவிகளும் நம் சகோதரிகள்தான். அவர்களில் சிலருக்கு எழுத்துப் படித்த வயதில் காது அடைத்திருந்திருக்கலாம். அன்று பார்த்துச் சொல்ல ஆளில்லை. இன்று இந்தக் கல்லூரியில் படித்த வைத்தியர்கள், தாதியர், ஆசிரியைகள், தாய்மார் எல்லோரும் ஒரே மண்டபத்தில் இருக்கிறோம். அடுத்த ஜனவரியில் தரம் 1க்கு வரும் பிள்ளைகளிலிருந்து தொடங்குவோம்.